குதிரைமேல் இருந்தவரும் நிலத்தில் நின்றவரும்

தென்னாப்பிரிக்காவைப் பற்றி நம்மவருள் பலர் அறிந்திருப்பது காந்தியடிகளின் வாழ்க்கை வழியாக அறிந்ததேயாம். 1893-ஆம் ஆண்டில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் இரயில் நிலையத்தில், முதல் வகுப்புச் சீட்டுக் கையிலிருந்தும், நிறத்தின் காரணமாக அவர் வண்டியினின்றும் இறக்கிவிடப்பட்ட செய்தியைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வர். அதே ஊரில் பத்தாண்டு கழித்து, 1903-இல், ஒரு வெள்ளைக் குடும்பத்தில் பிறந்தவர் ஆலன் பேட்டன் என்பார். அவர் இயற்றிய 'க்ரை, தி பிலவெட் கண்ட்ரி' என்னும் ஆங்கில நாவலைப் பற்றியே ஈண்டு சிறிது ஆராயப் புகுகிறோம். தலைப்பை 'அழு, அன்பு நாடே' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம்.

இந்நூலை யாம் முதலில் வாசித்தது பள்ளிக்கூடத்தில் அன்று. ஆங்கிலப் பள்ளியில் எமக்குக் கற்பித்தவை வேறு நூல்கள். தோட்டத்தில் கிராணி வேலையில் அமர்ந்த பிறகு, பட்டணத்துப் பழம் புத்தகக் கடையொன்றில், அட்டை கிழிந்த பிரதியொன்று எமக்குக் கிடைத்தது. ஒரே இரவில் வாசித்து முடித்தோம். முடித்தபோது கண்ணீர் விட்டோம் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. சில ஆண்டு கழித்து மறுபடி வாசித்தோம். இம்முறை கண்ணீர் வந்த இடங்களில் சில கேள்விகளும் உடன் வந்தன. அக்கேள்விகளே இக்கட்டுரை.

கிறிஸ்துவின் அன்பால் உள்ளம் திருந்திய இருவர், ஒருவர் வெள்ளையர் ஒருவர் கறுப்பர், தனிமுறையில் நண்பராகிவிட்டால், இனப்பகை அவ்வளவுக்கு அவ்வளவு தேய்ந்துவிடும் என்னும் கொள்கை கிறிஸ்தவ உலகில் நெடுநாளாக உலவி வருகிறது. அமெரிக்காவில் 1990-களில் பந்தாட்ட மைதானங்களில் ஆயிரமாயிரமாகக் கூடிய கிறிஸ்தவ ஆடவர், இன வேற்றுமை மறந்து ஒருவரையொருவர் தழுவிக் கண்ணீர் வடித்தனர். மைக்கேல் எமர்சன், கிறிஸ்டியன் ஸ்மித் என்னும் சமூகவியலார் இருவர் 2000-இல் வெளியிட்ட 'டிவைடட் பை ஃபெய்த்' என்னும் நூலில் இதனை ஆராய்ந்து, நட்பு ஒன்றையே மருந்தாகக் கொண்டவர்கள் குடியிருப்பு, பள்ளிக்கூடம், சம்பளம், சட்டம் ஆகியவற்றால் வரும் வேற்றுமையைக் காணத் தவறிவிடுகிறார்கள் என்று காட்டினர். இக்கொள்கைக்கு இலக்கியத்தில் மிகச் சிறந்த சாட்சியாக எடுத்துக் காட்டப்படுவது பேட்டனுடைய நாவலே. சாட்சியை விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்லலாகாது அன்றோ?

நூல் பிறந்த வரலாறு சுருக்கமானது. பேட்டன் 1935 முதல் 1948 வரை ஜோஹன்னஸ்பர்க் அருகிலுள்ள டீப்க்ளூஃப் என்னும் இடத்தில், குற்றம் புரிந்த கறுப்பினச் சிறுவர்களின் சீர்திருத்தப் பள்ளிக்குத் தலைவராயிருந்தார். சிறைகளையும் அத்தகைய பள்ளிகளையும் பார்வையிட 1946-இல் அயல்நாடுகளுக்குச் சென்றவர், நார்வேயிலுள்ள டிரான்ட்ஹைம் நகரில் தங்கியபோது ஊர் நினைவு மேலிட்டு எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு முடிவில் சான்பிரான்சிஸ்கோவில் எழுதி முடித்தார். 1948 பிப்ரவரியில் நூல் வெளிவந்தது. அதே ஆண்டு மே மாதத்தில் தேசியக் கட்சி தேர்தலில் வென்று, 'அபார்தீட்' என்னும் இன ஒதுக்கலை அரசாங்கக் கொள்கையாக்கியது. மூன்று மாத இடைவெளியில் நாவல் ஒரு திசையிலும் நாடு வேறொரு திசையிலும் சென்றன.

இனிக் கதை. நேட்டால் மாகாணத்து மலைப்பகுதியில் ண்டொட்ஷேனி என்றொரு வறண்ட பள்ளத்தாக்கு. அங்கே ஸ்டீபன் குமாலோ என்னும் ஜூலு இனத்து முதியவர் ஆங்கிலிக்கன் சபைப் பாதிரியார். பட்டணம் போன தங்கையையும் மகனையும் தேடி அவர் ஜோஹன்னஸ்பர்க் செல்கிறார். தங்கை கெட்டுச் சீரழிந்திருக்கிறாள். மகன் அப்சலோம், திருடப் புகுந்த வீட்டில் அச்சத்தால் துப்பாக்கியைச் சுட்டு ஒரு வெள்ளையரைக் கொன்றுவிட்டான். கொலையுண்டவர் ஆர்தர் ஜார்விஸ். கறுப்பினத்தார் உரிமைக்காகப் பேசியும் எழுதியும் வந்த நல்லவர். அவருடைய தந்தையார் ஜேம்ஸ் ஜார்விஸ், குமாலோவின் பள்ளத்தாக்குக்கு மேலே, பசும்புல் செழித்த உயர்நிலத்தில் பெரிய பண்ணைக்குச் சொந்தக்காரர். கொன்றவனின் தகப்பனும் கொலையுண்டவனின் தகப்பனும் ஒரே மலையின் மேலும் கீழும் வாழ்பவர்கள். இவ்விருவரிடையே எழும் உறவே நாவலின் உயிர்.

இவ்வுறவை ஆசிரியர் அமைத்திருக்கும் விதத்தில் முதலில் புகழ வேண்டியதைப் புகழ்வோம். ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் இருவரும் எதிர்பாராமல் சந்திக்கிறார்கள். தம் ஊர்க்காரர் ஒருவருடைய மகளைப் பற்றி விசாரிக்கவே குமாலோ அவ்வீட்டுக்கு வருகிறார். கதவைத் திறப்பவர் ஜார்விஸ். முதியவருக்குக் கால் நடுங்குகிறது, படிக்கட்டில் உட்கார்ந்துவிடுகிறார், நெடுநேரம் பேச நா எழவில்லை. பிறகு, தம் மகனே அவர் மகனைக் கொன்றான் என்ற சொல் வெளிவருகிறது. ஜார்விஸ் சினக்கவில்லை; தழுவிக்கொள்ளவும் இல்லை. கீழான எழுத்தாளர் எவரும் அவ்விடத்தில் இருவரையும் கட்டிப்பிடித்து அழவிட்டிருப்பர். பேட்டன் அவ்வாறு செய்யாதது அவருடைய பெருமை.

அந்தக் காட்சியிலேயே ஒரு சிறு செய்தி உண்டு. பெரும்பாலோர் அதைக் கவனியாமல் செல்வர். எம் உத்தியோகத்தில் இருப்பவர் கவனியாமல் இருக்க இயலாது. காணாமற்போன அப்பெண் அவ்வீட்டில் வேலை பார்த்தவள். அவளைப் பற்றி வீட்டு அம்மாள் ஆங்கிலத்தில் விடை கூறுகிறாள்: எங்கே போனாளோ தெரியாது, தெரிந்துகொள்ளும் அக்கறையும் இல்லை என்று. ஜார்விஸ் முதியவருக்குச் சொல்லும்போது, தெரியாது என்பதை மட்டும் சொல்லி அக்கறையில்லை என்பதை விட்டுவிடுகிறார். கிராணியாகிய யாம் இதனை எத்தனை முறை செய்திருக்கிறோம்! எம் தோட்டத்தில் இப்போது செம்பனைக் குலை வெட்டுவோர் பெரும்பாலும் வங்காளதேசத்தாரும் இந்தோனேசியருமே. காய்ச்சலென்று வந்து நிற்பவனைக் குறித்து மேலிடத்தார் ஆங்கிலத்தில் சொல்வதை மலாய் மொழியில் அவனுக்குச் சொல்லுங்கால், சுடுசொல்லை விழுங்கிவிட்டு, "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதை மட்டும் கொடுக்கிறோம். அதனைக் கருணை என்றே யாம் எண்ணியிருந்தோம். இக்காட்சியை மறுமுறை வாசித்தபோதுதான் ஒன்று தோன்றிற்று: விழுங்கப்பட்ட சொல்லால் எவனுடைய மனம் காக்கப்படுகிறது? கேட்பவனுடையதா, சொன்னவருடையதா? அவனுக்கு அன்றும் விடுப்புக் கிடைக்கவில்லை என்பது செக்ரோல் புத்தகத்தில் எம் கையெழுத்திலேயே இருக்கிறது.

நிற்க. இரண்டாம் பாராட்டு இது. ஜார்விஸ் மனம் மாறியது எவ்வாறு? முதியவருடைய முகத்தைப் பார்த்து அன்று. அதற்கு முன்னரே, இறந்த மகனுடைய அறையில் தனித்திருந்து அவன் எழுதி வைத்த தாள்களை அவர் வாசிக்கிறார். ஆப்பிரகாம் லிங்கனைப் பற்றிய நூல்கள் அலமாரி நிறைய இருக்கின்றன. தங்கச் சுரங்கங்களுக்கு ஆள் பிடிப்பது, குடும்பத்தை விட்டு ஆடவரைக் கொட்டகையில் அடைப்பது, பழங்குடி வாழ்வை உடைத்துவிட்டு அதற்கு ஈடாக ஒன்றும் கொடாதது ஆகியவை பற்றி மகன் எழுதியிருக்கிறான். பெற்றோர் தனக்கு நேர்மையும் தயையும் கற்பித்தனர். ஆயின் சொந்த நாட்டைப் பற்றி ஒன்றும் கற்பிக்கவில்லை என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறான். தந்தைக்கு மனம் புண்படுகிறது. தாளை வைத்துவிட்டு எழுந்து போகப் பார்க்கிறார். மீண்டும் வந்து வாசிக்கிறார். நட்பு மனத்தை மாற்றும் என்பதற்கு இந்நாவலைச் சாட்சியாக அழைப்போர், கணக்கையும் காரணத்தையும் விளக்கிய எழுத்தே முதலில் மாற்றியது என்பதை மறந்துவிடுகின்றனர்.

மகனுடைய சவ அடக்க ஆராதனையில் வெள்ளையரோடு கறுப்பரும் கலப்பினத்தாரும் இந்தியரும் வந்திருக்கின்றனர். வெள்ளையர் அல்லாதாருடன் ஒரே கோயிலில் ஜார்விஸ் அமர்ந்தது வாழ்நாளில் அதுவே முதல்முறை. நேட்டாலுக்கு 1860-இல் சென்னையிலிருந்து சென்ற முதற்கப்பலிலேயே நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குப் போயினர். ஆயினும் இந்நாவலில் அவர்களுக்குக் கிடைத்தது இத்தகைய ஓரிரு வரிகளே. இதனை யாம் குறையாகச் சொல்லவில்லை. நூலுக்குரிய மக்கள் வேறு. கோயிலில் சேர்ந்து அமர்வது பற்றிப் பேசுங்கால் நம்மவர் வெள்ளையரைப் பார்த்து நகைக்கவும் இடமில்லை. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், தமிழ்நாட்டுச் சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரில் பலர் சாதியை விடாமல் சபையை விட்டனர்.

இனி எம் கேள்விகளுக்கு வருவோம். அவற்றுள் முதன்மையானது பாலைப் பற்றியது.

ஜார்விஸின் பேரன், இறந்தவருடைய சிறுவன், ஒரு நாள் குதிரையேறிக் குமாலோவின் வீட்டுக்கு வருகிறான். குடிக்கப் பால் கேட்கிறான். ண்டொட்ஷேனியில் பாலே கிடையாது. மாடுகளுக்குப் புல் இல்லை. பால் இன்றிக் குழந்தைகள் நோயுறுகின்றன, இறக்கின்றன என்று முதியவர் சொல்கிறார். சிறுவன் போய்ச் சொல்ல, அன்று மாலையே பளபளக்கும் பாத்திரங்களில் மேட்டு நிலத்திலிருந்து பால் வந்து சேர்கிறது. பிறகு நீர்த்தேக்கம் கட்டக் குச்சி நட்டு அளக்கிறார்கள். வேளாண்மை கற்பிக்க ஓர் இளைஞன் வருகிறான். ஒழுகும் கோயிலுக்குப் பதில் புதுக்கோயில் கட்டித் தருவதாக ஜார்விஸ் கடிதம் எழுதுகிறார்.

எம் தோட்டங்களில் பால் என்றால் மரத்துப் பால். குடிக்கும் பாலுக்கு வேறு வரலாறு உண்டு. எம் பாட்டியார் ஒரு துரைசானியைப் பற்றிச் சொல்வார். வாரம் இருமுறை அவ்வம்மாள் ஆயாக்கொட்டகைக்கு வந்து, தம் கையாலேயே டின்பால் கரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாராம். அப்பாலைக் குடித்து வளர்ந்தவருள் எம் தாயாரும் ஒருவர். ஆகவே பாலை இகழ எமக்கு நாக்கு எழாது. இகழ்வோரைக் கண்டால் சினமும் வரும். ஆனால் அதே பாட்டியார்தாம் விடியற்காலைப் பெரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தியதால் அரைப்பேர் போடப்பட்ட கதையையும் சொல்வார். பால் கொடுத்தது பங்களாவின் அம்மாள். அரைப்பேர் போட்டது பங்களாவின் ஐயா. இருவரும் நல்லவர்களே என்று பாட்டியார் இரண்டு கதைகளையும் ஒரே மூச்சில் முடிப்பார். அவருக்கு அவை இரண்டும் ஒரே கதை என்பது நெடுநாள் எமக்கு விளங்கவில்லை.

ண்டொட்ஷேனியில் பால் இல்லாமற் போனது ஏன்? அது மழை செய்த குற்றம் மாத்திரம் அன்று. 1913-ஆம் ஆண்டு நிலச்சட்டம் தென்னாப்பிரிக்கப் பெரும்பான்மை மக்களாகிய கறுப்பினத்தாருக்கு ஒதுக்கிய நிலம் நாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு. 1936-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஏறத்தாழ 13 பங்காக உயர்த்த இசைந்தது. சிறு நிலத்தில் மிகுந்த மக்களும் மிகுந்த மாடுகளும் நெருங்கின. புல் வேரோடு போயிற்று. மண் சிவந்து மழையில் கரைந்தது. உழைக்க வல்ல ஆடவர் சுரங்கத்துக்குப் போயினர். முதியோரும் பெண்டிரும் பிள்ளைகளும் பள்ளத்தாக்கில் எஞ்சினர். உயர்நிலத்தில் புல் ஏன் பசுமையாயிருந்ததோ அதே காரணத்தால் பள்ளத்தில் மண் சிவப்பாயிருந்தது. ஜார்விஸின் பாத்திரத்தில் பளபளத்த பால் அந்தச் சட்டத்தின் மேற்பக்கத்தில் கறந்த பால்.

பேட்டன் இதனை அறியாதவர் அல்லர். நாவலின் கடைசிப் பகுதியில், வேளாண்மை கற்பிக்க வந்த நெப்போலியன் லெட்சிட்சி என்னும் இளைஞன் குமாலோவிடம் இதனை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறான்: அந்த வெள்ளையர் நல்லவர், பாலும் நன்று, ஆயின் வெள்ளையர் எடுத்துக்கொண்டதில் ஒரு சிறிதைத் திருப்பித் தருவதே இது என்பது அவன் கருத்து. குமாலோவுக்கு அப்பேச்சு பிடிக்கவில்லை, வருத்தப்படுகிறார், பகையைத் தேடாதே என்று அறிவுரை கூறுகிறார். இளைஞன் மரியாதையோடு கேட்டுக்கொள்கிறான்; தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆசிரியர் தம் நூலுக்குத் தாமே எழுதிய மறுப்பு இது. அதனை எடுத்துவிடாமல் அச்சிட்டதற்காக அவரை எத்துணைப் பாராட்டினும் தகும்.

ஆனால் மற்றோரிடத்தில் அவருடைய நடுநிலை தவறியது என்றே கருதுகிறோம். குமாலோவின் தம்பி ஜான் குமாலோ பட்டணத்தில் தச்சுப்பட்டறை வைத்திருப்பவன்; மேடையில் ஏறினால் சிங்கம்போல் முழங்குகிறவன். சுரங்கத் தொழிலாளருக்குக் கூலி உயர்வு வேண்டும், தோண்டியெடுக்கும் தங்கத்தில் உழைப்பவனுக்குப் பங்கு வேண்டும் என்று பேசுகிறவன் நாவலில் அவனே. அவனை ஆசிரியர் எவ்வாறு படைத்திருக்கிறார்? சிறைக்கு அஞ்சுகிறவன், பதவி மோகம் உள்ளவன், கொலை நடந்த வீட்டில் உடனிருந்த தன் மகனைப் பொய் சொல்ல வைத்து விடுவித்துக்கொண்டு, உண்மை பேசிய அண்ணன் மகனைத் தூக்குக்கு விட்டுவிடுகிறவன். இத்தகைய மனிதர் உலகில் இல்லை என்று யாரும் சொல்லார். நம் சங்கங்களிலும் பார்த்திருக்கிறோம். ஆயினும் கூலியைப் பற்றிய நியாயத்தைக் கோணல் வாயிலும், பொறுமையைப் பற்றிய நியாயத்தைத் தூய வாயிலும் வைத்துவிட்டால், வாசகன் எதனை விரும்புவான் என்பது கேளாமலே விளங்கும்.

1946 ஆகஸ்டில், அதாவது பேட்டன் எழுதத் தொடங்குவதற்குச் சற்று முன்னர், ஜோஹன்னஸ்பர்க் சுற்றுவட்டத்துத் தங்கச் சுரங்கங்களில் 70,000-க்கு மேற்பட்ட கறுப்பினத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், போலீஸார் அதனை ஆயுத பலத்தால் அடக்கினர், பலர் மாண்டனர். நாவலிலும் ஒரு வேலைநிறுத்தம் வருகிறது. சில பக்கங்களில் வந்து, பெரிதாக ஒன்றும் நிகழாமற் போனதாக முடிந்துவிடுகிறது. இரு தந்தையரின் துயரத்துக்கு ஒரு பாகம் முழுவதும். எழுபதினாயிரவர் துணிவுக்குச் சில பக்கம். எஸெக்கியேல் ம்பாலேலே என்னும் தென்னாப்பிரிக்கக் கறுப்பின எழுத்தாளர் 1962-இல் வெளியிட்ட 'தி ஆப்பிரிக்கன் இமேஜ்' என்னும் நூலில் பேட்டனுடைய பாத்திரப் படைப்பைக் குறை கூறியது வெறும் பொறாமை அன்று.

எனினும் நாவலில் டுபூலா என்றொருவர் உண்டு. மூன்று தலைவருள் ஜான் குமாலோ குரல் என்றால், டுபூலா இதயம் என்று நண்பர் ம்சிமாங்கு பாதிரியார் அறிமுகம் செய்கிறார். பஸ் கட்டணம் நான்கு பென்ஸிலிருந்து ஆறு பென்ஸுக்கு உயர்ந்தபோது அலெக்ஸாண்ட்ரா மக்களைப் பஸ்ஸில் ஏறாதிருக்கச் செய்தவர் அவர். உண்மையிலும் அலெக்ஸாண்ட்ராவில் 1940-களில் இத்தகைய பஸ் மறியல்கள் நடந்தன. மகனைத் தேடி அலெக்ஸாண்ட்ராவுக்குச் செல்லப் பஸ் ஏற வந்த குமாலோவையும் ம்சிமாங்குவையும் டுபூலா பணிவோடு தடுத்து, நடந்து செல்லும்படி வேண்டுகிறார். பதினொரு மைல். முதியவர் இசைந்து நடக்கிறார். அப்போது வெள்ளையர் ஒருவர் மோட்டாரை நிறுத்தி இருவரையும் ஏற்றிக்கொள்கிறார். தமக்கு வழி அல்லாத இடமாயினும் கொண்டுபோய் விடுகிறார். மாலையில் திரும்பும்போது அவ்வாறே நடப்போரை ஏற்றிச் செல்லும் வெள்ளையர் பலரைக் காண்கிறார்கள். ஒருவரைப் போலீஸ்காரர் நிறுத்தி, கறுப்பரை ஏற்ற லைசென்ஸ் உண்டா என்று கேட்கிறார். வழக்குப் போடுங்கள் என்கிறார் அவர். அச்சொல்லைக் கேட்டு ம்சிமாங்கு அடையும் மகிழ்ச்சிக்கு அளவே இல்லை.

இக்காரோட்டிகளுக்குப் பெயரில்லை. அவர்கள் யாரோடும் உட்கார்ந்து கண்ணீர் விடவில்லை. யாரையும் நண்பராக்கிக்கொண்டதாகவும் நூல் சொல்லவில்லை. ஆயினும் ஜார்விஸ் கொடுத்த பாலில் இல்லாத ஒன்று அந்த மோட்டாரில் இருக்கிறது. பாலைக் கொடுத்தவர் எதனையும் இழக்கவில்லை. எந்தச் சட்டமும் அவரைக் கேள்வி கேட்கவில்லை. எதைக் கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று முடிவு செய்தவரும் அவரே. மோட்டாரில் ஏற்றியவரோ, கறுப்பினத்தார் தாமே கூடி எடுத்த முடிவுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர். தமக்கு வழக்கு வரும் என்று அறிந்தே வந்தவர். நாவலின் பெரும்பகுதி பாலைப் போற்றுகிறது. எமக்கு அந்த மோட்டாரே பெரிதாகத் தோன்றுகிறது.

ஜார்விஸை மட்டும் பழிப்பது நியாயமாகாது. நூலின் முடிவில் மகனைத் தூக்கிலிடும் நாளுக்கு முந்திய மாலை, குமாலோ தனியே மலையேறுகிறார். வழியில் ஜார்விஸ் குதிரைமேல் வருகிறார். இருவரும் பேசுகிறார்கள். பேச்சு முழுவதும் அன்பு. முதியவர் மனமுருகி அழுகிறார். ஜார்விஸ் என்ன செய்வதென்று அறியாமல் குதிரைமேலேயே இருக்கிறார். அவர் இறங்கியிருக்கலாம் என்பதையும், அந்நாட்டில் அது எளிதிற் செய்யும் காரியம் அன்று என்பதையும் ஆசிரியரே குறிப்பிட்டுவிட்டு அப்பாற் செல்கிறார். நாவல் முழுவதிலும் எமக்கு மிக உண்மையாய்த் தோன்றும் இடம் இது. பால் வந்துவிட்டது, அணை வரப்போகிறது, கோயில் வரப்போகிறது. இத்தனையும் கொடுக்க முடிந்த ஒருவருக்கு ஐந்தடி கீழே இறங்கி நிற்க முடியவில்லை. அவர் தீயவர் என்பதாலன்று. ஒருவர் 'உம்நும்ஸானா' என்றும் மற்றவர் 'உம்ஃபுண்டிஸி' என்றும், அதாவது எஜமானே என்றும் பாதிரியாரே என்றும், கடைசிவரை அழைத்துக்கொள்கிறார்களேயன்றிப் பெயர் சொல்லிக்கொள்வதில்லை. எம் ஆபீஸிலும் அன்புடைய மேலதிகாரிகள் இருந்ததுண்டு. அவர் அறையில் எமக்கு நாற்காலி போடப்பட்டதில்லை. போடும்படி யாம் கேட்டதும் இல்லை.

நாவலில் ஜார்விஸ் இறங்காத குதிரையிலிருந்து, நாவலாசிரியர் தம் வாழ்க்கையில் ஒருவாறு இறங்கியே நின்றார் எனலாம். 1953-இல் எல்லா இனத்தாரையும் அங்கத்தினராகக் கொண்ட லிபரல் கட்சியைப் பிறருடன் சேர்ந்து தோற்றுவித்தார். 1960-இல் அரசாங்கம் அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்தது. 1964-இல் நெல்சன் மண்டேலா முதலியோருக்கு மரணதண்டனை விதிக்கலாகாது என்று ரிவோனியா வழக்கில் கூண்டேறிச் சாட்சி சொன்னார். பல இனத்தார் ஒரே கட்சியில் இருக்கலாகாது என்று 1968-இல் சட்டம் வந்தபோது, வெள்ளையர் மட்டும் உள்ள கட்சியாகத் தொடர்வதைவிடக் கலைத்துவிடுவதே மேல் என்று அக்கட்சி கலைந்தது. பிற்காலத்தில், தென்னாப்பிரிக்காவுடன் அயல்நாடுகள் வாணிகத்தை நிறுத்தக்கூடாது, ஏழைகளே துன்புறுவர் என்று அவர் வாதித்ததைக் கறுப்பினத் தலைவர் பலர் ஏற்கவில்லை. 1988-இல், ஒதுக்கல் ஒழிவதைக் காணாமலே காலமானார்.

நாவலில் வரும் வின்சென்ட் பாதிரியாருக்கு முன்மாதிரி, ஸோஃபியாடவுனில் பணிபுரிந்த ஆங்கிலேயப் பாதிரியார் டிரெவர் ஹட்டில்ஸ்டன் என்பர். வீட்டு வேலை செய்த ஒரு கறுப்பினப் பெண்மணிக்கு அவர் தொப்பியைக் கழற்றி வணக்கம் செய்ததைப் பார்த்துத் திகைத்து நின்ற சிறுவன் அப்பெண்மணியின் மகன். அவனே பின்னாளில் ஆர்ச்பிஷப் டெஸ்மண்ட் டுட்டு. இக்கதையைச் சொல்லி, பார்த்தீர்களா, ஒரு தொப்பி உலகை மாற்றியது என்று முடிப்போர் உண்டு. தொப்பியைக் கழற்றிய அதே ஹட்டில்ஸ்டன், ஸோஃபியாடவுன் மக்களை 1955-இல் லாரிகளில் ஏற்றி அப்புறப்படுத்தியதைக் கடுமையாக எதிர்த்தார். கறுப்பினத்தாருக்குத் தாழ்ந்த கல்வி என்று விதித்த 1953-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பணியவில்லை. இங்கிலாந்துக்கு அழைக்கப்பட்ட பின்னும் ஒதுக்கலை எதிர்க்கும் இயக்கத்தில் பல பத்தாண்டு உழைத்தார். தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விடுவது, அக்கறையில்லை என்பதை விட்டுத் தெரியாது என்பதை மட்டும் மொழிபெயர்ப்பது போன்றதே.

நாவலுக்கு மிக நெருங்கிய ஒரு நிகழ்ச்சி பின்னர் உண்மையாகவே நடந்தது. 1993 ஆகஸ்டில் கேப்டவுன் அருகே குகுலேத்துவில் ஏமி பீல் என்னும் அமெரிக்க வெள்ளை மாணவி, கறுப்பின இளைஞர் கூட்டத்தால் கொல்லப்பட்டாள். ஆர்தர் ஜார்விஸைப் போலவே அவளும் கறுப்பினத்தார் விடுதலையை விரும்பியவள். டுட்டு தலைமை தாங்கிய உண்மை - நல்லிணக்க ஆணையத்தின் முன் கொலையாளிகள் மன்னிப்புக் கோரியபோது, பெற்றோர் அதனை எதிர்க்கவில்லை. 1998-இல் அவர்கள் விடுதலை பெற்றனர். அவருள் இருவர் பின்னர் அப்பெண்ணின் பெயரால் அமைந்த அறநிலையத்திலேயே பணிபுரிந்தனர். பேட்டன் கற்பனையிலும் எழுதத் துணியாத அளவுக்கு இது பெரிது. நாவலில் அப்சலோம் தூக்கிலிடப்படுகிறான் அன்றோ? ஆனால் இம்மன்னிப்புக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. கொன்றவரும் இழந்தவரும் எதிரெதிரே அமர்ந்து பேச ஓர் ஆணையம், அவ்வாணையத்தை அமைக்க ஒரு சட்டம், அச்சட்டத்தை இயற்ற எல்லாரும் வாக்களித்த ஒரு பாராளுமன்றம் முதலில் வேண்டியிருந்தன. 1994-க்கு முன்னர் அவை இல்லை.

படமும் வந்தது. 1951-இல் ஸோல்தான் கோர்டா இயக்கிய படத்தில் குமாலோவாகக் கனடா லீயும், ம்சிமாங்குவாகச் சிட்னி பாய்ட்டியரும் நடித்தனர். அமெரிக்கக் கறுப்பின நடிகராகிய அவ்விருவரையும் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழையவிடுவதற்காக, இயக்குநருடைய ஒப்பந்தக் கூலிகள் என்று அதிகாரிகளிடம் பதிவு செய்ததாகச் சொல்லப்படுகிறது. இன ஒற்றுமையைப் பற்றிய படத்துக்கு நடிக்க வந்தவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக! நம் பாட்டன்மார் அச்சொல்லின் கீழேயே கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர்கள். ஆகவே இதனை வாசித்தபோது எமக்கு நகைப்பு முதலில் வந்து, பிறகு நின்றுவிட்டது.

ஆங்கிலம் அறிந்த தோழர்கள் இந்நாவலை அவசியம் வாசிக்க வேண்டும் என்றே விரும்புகிறோம். நடை எளிது, விவிலியத்தின் ஓசை கலந்தது, அகராதி அதிகம் வேண்டியதில்லை. வாசிப்போர் இறுதி அத்தியாயத்துக்கு விரைந்து சென்று அழுவதற்கு முன், முதற்பாகத்தில் எட்டாம் அத்தியாயத்தைச் சற்று நின்று வாசிக்க. பதினொரு மைல் நடையும், அந்த மோட்டாரும் அதிலேயே இருக்கின்றன.